அக்காவுக்கு ஒரு ஒத்திகை

மார்ச் 4, செவ்வாய்

நாள் முழுக்க ஒரே காட்சி. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டாமலேயே நோயாளியின் நெஞ்சில் வைத்து "ம்... ம்..." என்று நான் தலையாட்ட வேண்டும். நர்ஸ் வந்து அதை எடுத்து என் காதில் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். டைரக்டருக்கு என் "ம்" பிடிக்கவில்லை. "சார், தலைமை டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது. தனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறதும் தெரியாது. அந்த 'ம்' எனக்கு வேணும்" என்றார். ஆளுக்கு நாற்பது வயது ஆகவில்லை, கோபத்துக்கு மட்டும் அறுபது வயது. பிற்பகலில்தான் அவருக்கு வேண்டிய "ம்" கிடைத்தது. எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் டி.வி. நகைச்சுவைத் தொடருக்கு 'பார்வை நேரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வியாழன்தோறும் அரை மணி நேரம். ஓர் ஓட்டை ஆஸ்பத்திரி, அதற்கு ஓர் ஓட்டை டாக்டர். இத்தனை வருடம் பக்கத்து வீட்டுக்காரன், பெண்ணின் பெரியப்பா, கதவைத் திறக்கும் வேலைக்காரன் என்று ஓடிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் இப்போதுதான் என் பெயர் திரையில் முதலில் வருகிறது. மனைவி அதைப் போனில் படம் பிடித்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் இல்லை.

செட்டில் இன்று புதுச் சாமான் ஒன்று வந்தது: ஸ்கேன் மெஷின். ஆள் படுத்தபடியே உள்ளே போகும் பெரிய குழாய். ஆசாரி பலகையில் செய்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து, பச்சை விளக்கும் வைத்துவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியின் லிஃப்ட் கதவைத் திறந்தால் பெயின்ட் டப்பாக்கள் இருக்கும். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். எதைச் சொன்னாலும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. லைன் சரியில்லை என்றாள்.

மார்ச் 6, வியாழன்

லைன் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மூன்றாவது பகுதியை அக்கா வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். மாமா போன பிறகு அவள் தனியாகத்தான் இருக்கிறாள். சோபாவில் டி.வி.க்கு நேராக உட்காராமல், யாரோடோ கோபித்துக்கொண்டவள் மாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுடைய இடது பக்கம். "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வலது பக்கம் போய்க் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. நீ மட்டும் கொஞ்சம் ஓவரா பண்ற" என்றாள்.

பிறகுதான் வாயைப் பிடுங்கினேன். இடது காது சுத்தமாகக் கேட்கவில்லையாம். எத்தனை நாளாக? "தெரியல. கொஞ்சம் கொஞ்சமா போச்சு." தலையும் சுற்றுகிறதாம். காலையில் எழுந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

இத்தனைக்கும் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இருபத்தைந்து வருடமாக அதுதான் தொழில். இந்த ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். தினமும் ஆட்களோடு பேசுகிறவளுக்குக் காது போனது யாருக்கும் தெரியாமல் எப்படி இருந்தது? அவளே சொன்னாள்: "கத்துக்கிறவங்க என் வலது பக்கம்தானே உக்காருவாங்க. அந்தக் காது நல்லா கேக்குது. யாருக்குத் தெரியப்போகுது?"

மார்ச் 10, திங்கள்

காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "சார், போன வாரம் ஆபரேஷன் தியேட்டர்ல சாப்பாட்டுப் பொட்டலம் பிரிச்சீங்களே" என்றார். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் சங்கடம். ஆனால் அக்காவின் காதைப் பரிசோதித்த பிறகு அவர் சிரிக்கவில்லை.

ஒரு காது மட்டும் இப்படிப் போய், கூடவே தலையும் சுற்றினால் காது நரம்பில் சின்னக் கட்டி இருக்கலாமாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்கேன் எடுக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. அதுவரை அக்கா கார் ஓட்டவே கூடாது. சொல்லிக்கொடுக்கவும் கூடாது.

கட்டி என்றபோது அக்காவின் முகம் மாறவில்லை. கார் கூடாது என்றபோது மாறியது. அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த மெஷின் மூடியிருக்குமா டாக்டர்?"

"ஒரு குழாய் மாதிரி இருக்கும்மா. அரை மணி நேரம் ஆடாம படுத்திருக்கணும்."

அக்கா லிஃப்டில் ஏற மாட்டாள். அவள் மகளின் வீடு ஏழாவது மாடியில். அங்கேயும் படியேறித்தான் போவாள். லாரிக்கு முன்னால் புது ஆளை வண்டி திருப்பச் சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுகிறவள், குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட மாட்டாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். கேலிகூடச் செய்திருக்கிறோம்.

மார்ச் 13, வியாழன்

ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போனோம். மெஷினைக் கதவருகே நின்று பார்த்தாள். "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று போனவளைக் கடைசியில் பஸ் ஸ்டாப்பில்தான் கண்டுபிடித்தேன்.

மயக்க ஊசி போட்டு எடுக்கலாம் என்றார்கள். அதற்கும் மாட்டேன் என்கிறாள். "முழிச்சிருக்கும்போதே பயமா இருக்கு. தூங்கவெச்சு உள்ள தள்ளுவாங்களாம். நடுவுல முழிச்சிக்கிட்டா?" முழிக்க மாட்டாய் என்றேன். "நீ டாக்டரா?" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று செட்டில் அந்தப் பலகை மெஷினைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். அப்போது வந்த யோசனை இது. பழகினால் பயம் போகும் என்று அவள்தானே எல்லோருக்கும் சொல்கிறாள்? புது ஆளை எடுத்ததும் மெயின் ரோட்டுக்கா கூட்டிப்போகிறாள்? முதலில் காலி மைதானம். எங்கள் செட்டைவிடக் காலியான மைதானம் எங்கே கிடைக்கும்?

இன்று ஷூட்டிங் இல்லை. டைரக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தேன். சாவியைக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அவரே வந்துவிட்டார். ஒலிப்பதிவாளரும் வந்திருந்தார். காட்சிகளுக்கு நடுவில் சிரிப்புச் சத்தம் சேர்ப்பவர் அவர்தான். அதனால் அவருக்கு எல்லோரும் 'சிரிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆசாரி மெஷினைத் துடைத்து வைத்திருந்தார்.

அக்கா முதலில் செட் முழுவதையும் சுற்றிப் பார்த்தாள். மருந்து அலமாரியைத் திறந்து எல்லாம் காலி டப்பா என்று கண்டுபிடித்தாள். லிஃப்டைத் திறந்து பெயின்ட் டப்பாவைப் பார்த்துவிட்டு, "இந்த லிஃப்டில நான் ஏறுவேன்" என்றாள். டைரக்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து நடிகைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "மேடம், நீங்க நோயாளி. பயம் இருக்கு. ஆனா வெளிய காட்டிக்க மாட்டீங்க. மெதுவா உள்ள போறீங்க. நான் கட் சொல்ற வரைக்கும் கண்ணத் திறக்கக் கூடாது." எங்களிடம் இவ்வளவு பொறுமையாக ஒரு நாளும் பேசியதில்லை.

முதல் டேக்கில் தோள் வரைக்கும் போனாள். இரண்டாவதில் இடுப்பு வரை. அப்புறம் முழுசாக. டைரக்டர் கட் சொல்லவே இல்லை. அக்கா உள்ளே இருந்தபடியே, "என்ன, எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆசாரி கை தட்டினார். நான் கொஞ்சம் அழுதுவிட்டேன், யாரும் பார்க்கவில்லை. பிறகு எல்லோரும் ஆபரேஷன் மேசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம்.

மார்ச் 21, வெள்ளி

சேனல்காரர்கள் கை கழுவிவிட்டார்கள். பத்துப் பகுதியோடு நிறுத்தம். யாரும் பார்க்கவில்லையாம். தயாரிப்பாளர் செய்தியைச் சொன்னதும் 'சிரிப்பு' தன் பெட்டியில் ஏதோ ஒரு பித்தானை அழுத்தினார், கூட்டம் முழுக்கச் சிரிக்கும் சத்தம் வந்தது. அதற்குத்தான் நாங்களும் சிரித்தோம். ஏப்ரல் ஐந்தாம் தேதி கடைசி ஷூட்டிங். மறுநாள் செட்டைப் பிரிக்கிறார்கள்.

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் அந்தப் படத்தை அழிப்பாளா, வைத்திருப்பாளா?

அக்காவுக்குத் திங்கட்கிழமை ஸ்கேன். அது நல்லபடியாக முடிந்தால் போதும்.

மார்ச் 24, திங்கள்

முடியவில்லை.

போகும்போது நன்றாகத்தான் இருந்தாள். கைக்கடிகாரம், செயின், ஹேர்பின் எல்லாம் கழற்றி என்னிடம் தந்தாள். நாலு வார்த்தை கிண்டலாகக்கூடப் பேசினாள். உள்ளே அழைத்துப்போனார்கள். நான் வெளியே நின்றேன். வாசலில் இருந்த பெஞ்சில் உட்காரலாமா என்று யோசிப்பதற்குள் கதவு திறந்தது. வெறுங்காலோடு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றைப் பூட்டினார்களாம். உள்ளே போனால் மூக்குக்கு நேரே சுவர். தலைப்பக்கம் இருட்டு. அப்புறம் ஒரு சத்தம், யாரோ சம்மட்டியால் அடிக்கிற மாதிரி. கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருக்கிறார்கள், வேண்டாமென்றால் அதை அமுக்கலாம். அமுக்கிவிட்டாள். வெளியே இழுத்துவிட்டார்கள்.

"நீ காட்டினது இது இல்ல" என்றாள். வீட்டு வாசலில் டாக்ஸியிலிருந்து இறங்கும்போது சொன்னாள்: "பொய் சொல்லிட்டேடா."

மார்ச் 25, செவ்வாய்

நான் பொய் சொல்லல. சத்தியமா சொல்லல. எனக்கே தெரியாது, நான் என்ன பண்ணுவேன்?

இன்று செட்டுக்குப் போனதும் நேராக அந்த மெஷினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பின்பக்கமே இல்லை. தலைப்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. முன்னாலிருந்து தெரியாதபடி மேல் பாதியையும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் கேமரா எப்படி முகத்தைப் பார்க்கும்? உள்ளே வேறு இரண்டு விளக்கு. அக்கா அன்று படுத்திருந்தது ஒரு வெளிச்சமான தொட்டில். நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்றுகொண்டு, அதைக் குழாய் என்று நம்பினோம். எங்களுக்கு எப்போதும் முன்பக்கம் இருந்தால் போதும். முப்பது வருடம் கதவு இல்லாத வீடுகளிலும் கூரை இல்லாத கோர்ட்டிலும் நடித்திருக்கிறேன். ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்திருக்கிறேனா?

நல்லது செய்யப் போய் அவளை ஆழம் தெரியாமல் இறக்கிவிட்டேன். இப்போது முன்னைவிடப் பயம் கூடியிருக்கும்.

மார்ச் 28, வெள்ளி

நாலு நாளாக அக்கா போனை எடுக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலிலிருந்து வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்களாம். அவள் மகள் சொன்னாள்.

மார்ச் 30, ஞாயிறு

ஆசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "பலகை இருக்கு சார். மூடிடலாம்" என்றார், ஏதோ ஜன்னலை மூடுவதுபோல. ஆனால் கடைசிப் பகுதியில் அந்த மெஷினோடு ஒரு காட்சி பாக்கி இருக்கிறது. அதை எடுத்து முடித்த பிறகுதான் மூட முடியும். ஐந்தாம் தேதி சாயங்காலம் ஒரு பொழுதுதான் கிடைக்கும். டைரக்டரிடம் பயந்துகொண்டே கேட்டேன். "அன்னைக்கு நாலு மணிக்கெல்லாம் முடிச்சிடறேன்" என்றார். நாலு மணிக்கு முடித்து நான் பார்த்ததே இல்லை.

'சிரிப்பு' இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். போகும்போது, "எந்த ஸ்கேன் சென்டர்?" என்று கேட்டார்.

ஏப்ரல் 2, புதன்

அக்கா வீட்டுக்கே போய்விட்டேன். கதவைத் திறந்தாள். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை.

சோபாவில் அவளுடைய வலது பக்கம் பார்த்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்பக்கம் இல்லாதது, மேல் பாதி வெட்டினது, எனக்குத் தெரியாமல் போனது. கேட்டுக்கொண்டாள். இந்தத் தடவை நிஜமாகவே மூடிவிடுகிறோம், ஒரே ஒரு தடவை வா என்றேன்.

"நீ அதுக்குள்ள போயிருக்கியா?"

"எதுக்குள்ள?"

"உன் பலகை மெஷினுக்குள்ளதான். இத்தனை வாரம் அங்க இருந்திருக்கியே. ஒரு தடவையாவது படுத்துப் பாத்தியா?"

இல்லை. டாக்டர் எப்போதும் வெளியேதான் நிற்பார்.

"முதல்ல நீ போ. அப்புறம் நான் வரலாமா வேணாமான்னு பாக்கலாம்" என்றாள். அதனாலென்ன, போகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு என்ன பயம்?

ஏப்ரல் 5, சனி

நாலு மணிக்கு டைரக்டர் பேக்கப் சொன்னார். கடைசி ஷாட்டில் நான் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு விளக்கை அணைக்கிறேன். சோகமாக எடுத்தார். அது நகைச்சுவைத் தொடர் என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். சில பேர் கிளம்பினார்கள். ஆசாரி பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அக்கா வந்து ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகளும் கூட வந்திருந்தாள்.

ஆசாரி மேலேயும் தலைப்பக்கமும் அடைத்து ஆணி அடித்தார். உள்ளே இருந்த விளக்குகளைப் பிடுங்கினார். முகக்கூண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பழக்கூடையைத் தலைகீழாக வெட்டி வைத்திருந்தார். 'சிரிப்பு' இரண்டு ஸ்பீக்கரைக் குழாயின் இரண்டு பக்கமும் பொருத்தினார். ஸ்கேன் சென்டருக்குப் போய், வாசல் பெஞ்சில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறார். அங்கே வேலை செய்யும் பெண் இவரைத் திருடன் என்று நினைத்துவிட்டாளாம்.

நான் படுத்தேன். கூடையைப் பூட்டினார்கள். உள்ளே தள்ளினார்கள்.

என்ன எழுதுவது? கண்ணைத் திறந்தேன், அதுதான் தப்பு. பலகை என் மூச்சிலேயே ஈரமாகிறது. கையைத் தூக்கப் பார்த்தேன், இடம் இல்லை. அந்தச் சத்தம் ஆரம்பித்தது. பலகைதான், ஆசாரி அடித்த ஆணிதான், எல்லாம் தெரியும். தெரிந்தும், இனிமேல் வெளியே போகவே முடியாது என்றுதான் தோன்றியது. எடுங்கய்யா, எடுத்துத் தொலைங்கய்யா என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. காலை உதைத்தேன்.

அப்போது அக்காவின் குரல் கேட்டது. காலடிப் பக்கம் குனிந்து உள்ளே பார்த்துப் பேசியிருக்கிறாள். புது ஆட்களிடம் பேசும் அதே குரல்.

"டேய். இங்க கேளு. ஒண்ணும் ஆகல. வண்டி நின்னுட்டுதான் இருக்கு. உன் கால் எங்க இருக்கு?"

"அக்கா, இழுக்கச் சொல்லுக்கா."

"சொல்றேன். முதல்ல கால் எங்க இருக்கு? என் கை உன் பாதத்து மேல இருக்கு பாரு. தெரியுதா? இது உன் பிரேக். நீ மிதிச்சா நான் இழுத்துடுவேன். எனக்கும் இந்தப் பக்கம் ஒரு பிரேக் இருக்கு. ரெண்டு பிரேக் இருக்கிற வண்டி எங்கேயும் இடிக்காது. மிதிக்கிறியா?"

மிதிக்கலாம் என்று தெரிந்ததும் மிதிக்கத் தோன்றவில்லை. ஏன் என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

"சரி, கண்ண மூடு. மூச்ச விடு. இப்ப முதல் கியர். கடைத்தெரு வழியா போறோம். இடது பக்கம் என்ன வருது சொல்லு."

சொன்னேன். ஸ்டேஷனரி கடை, பல் டாக்டர், தபாலாபீஸ். இருபத்தைந்து வருடமாக அவள் ஆட்களை ஓட்டிக்கொண்டு போகும் அதே வழி. சிக்னலில் நிறுத்தினாள். முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகாதே என்று திட்டினாள். ஸ்கூல் வாசலில் ஹாரன் அடிக்கக் கூடாது என்றாள். பாலம் ஏறி இறங்கி, திரும்பி, மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது சத்தம் நின்றது. வெளியே இழுத்தார்கள். என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. டைரக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "கட்" என்றார், ரொம்ப மெதுவாக.

நான் எழுந்து உட்கார்ந்ததும் அக்கா முதல் தடவையாக என் கையைப் பிடித்தாள். "பாத்தியா, இதத்தான் நான் சொன்னேன்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. எங்கள் வீட்டில் இத்தனை வருடம் அவளைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். மன்னிச்சிடுக்கா என்றேன். அதெல்லாம் அப்புறம், முதலில் தண்ணி குடி என்றாள்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவளே ஏறிப் படுத்தாள். யாரும் கேட்கவில்லை. "நீ காலடியில நில்லு. பேசாத. எனக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றாள். கூடையைப் பூட்டும்போது கையை நீட்டி, "அங்க ஒரு ரப்பர் பந்து குடுத்தாங்களே, அதுதான் பிரேக்னு அன்னைக்கு எனக்குத் தெரியல. வெளிய போற பித்தான்னு நெனச்சு உடனே அமுக்கிட்டேன். ஏதாவது குடுங்க கையில" என்றாள். ஆசாரி ஒரு ஸ்பான்ஜைக் கொடுத்தார்.

உள்ளே போனாள். சத்தம் முழுசாக ஓடி முடிந்தது. குழாய்க்குள்ளிருந்து அவ்வப்போது யாரையோ திட்டும் குரல் மட்டும் கேட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

செட்டைப் பிரித்துவிட்டார்கள். நான் போகவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அதே ஸ்கேன் சென்டர். அதே பெண். "இந்தத் தடவை எப்படிம்மா?" என்று கேட்டாள். "அந்தப் பந்த முதல்ல குடு, அமுக்கிப் பாத்துக்கிறேன், வேலை செய்யுதான்னு" என்றாள் அக்கா. அமுக்கிப் பார்த்தாள். மணி அடித்தது. இன்னொரு தடவை அமுக்கினாள். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

நான் வெளியே பெஞ்சில். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்ததும் எனக்கு வேர்த்தது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. ஸ்டேஷனரி கடை, பல் டாக்டர், தபாலாபீஸ் என்று நானும் சொல்லிக்கொண்டேன். இரண்டு முறை பாலம் ஏறிவிட்டேன். அப்படியும் கதவு திறக்கவில்லை.

வந்தாள். தலைமுடி ஒரு பக்கம் சப்பையாகி இருந்தது. "நடுவுல, படம் தெளிவா தெரியறதுக்காம், ஒரு ஊசி போட்டாங்க. அப்பதான் சிக்னல்ல நின்னுட்டிருந்தோம்" என்றாள். யாரை ஓட்டவைத்தாய் என்று கேட்டேன். "உன்னதான். இன்னும் கிளட்ச் சரியில்ல உனக்கு."

எனக்குக் கார் ஓட்டவே தெரியாது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. கட்டி இருக்கிறது. பட்டாணி அளவு. புற்று இல்லை. மெதுவாக வளரும் வகை, வளராமலே இருந்தாலும் இருக்கும். இப்போது கத்தி வைக்க வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார் டாக்டர். போன காது போனதுதான். தலைசுற்றலுக்குப் பயிற்சி இருக்கிறது. அது சரியான பிறகு பழையபடி சொல்லிக்கொடுக்கக் காரில் உட்காரலாம்.

எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு லேசாகிவிட்டது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை டி.வி.யில் பார்த்ததைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் பேசவில்லை.

அக்காவுக்கு ஒரே கவலை. "கண்காணிக்கிறதுன்னா?"

"ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன்மா. அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு."

"எத்தன வருஷம்?"

டாக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் கூட வருகிறேன் என்று வெளியே வந்ததும் சொன்னேன். சரி என்றாள்.

ஏப்ரல் 24, வியாழன்

கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. மருந்துக்கடைக்காரர், "என்ன சார், இப்பதான் பாக்க ஆரம்பிச்சேன், அதுக்குள்ள நிறுத்திட்டீங்க" என்றார். இதை நாலு பேர் போன மாதமே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவி அந்தப் படத்தை அழிக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தேன். ஒன்றில் நான் பூச்சி மருந்துக்குப் பயப்படும் கரப்பான்.

அக்கா இன்று காரில் உட்கார்ந்தாள். இடது பக்கம் கூடுதலாக ஒரு பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்கிறாளாம். முதல் ஆளே மதில் சுவரில் இடித்துவிட்டானாம். சந்தோஷமாகச் சொன்னாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

நாளை அக்காவுக்கு அடுத்த ஸ்கேன். ஒரு படத்தில் நீதிபதி வேடம், நாளைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சின்ன வேடம்தான், ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு வந்தது. குடும்பத்தில் முக்கியமான வேலை இருக்கிறது, வர முடியாது என்று நேற்றே சொல்லிவிட்டேன். வருத்தம் இல்லை. அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்கச் சாயங்காலம் போன் செய்தேன்.

"எங்க கிளம்பணும்?" என்றாள்.

"ஸ்கேனுக்கு."

"அது இன்னைக்கு காலையிலயே முடிஞ்சுடுச்சுடா. நேத்து அவங்களே போன் பண்ணி நேரம் காலியா இருக்குன்னாங்க. ரெண்டு கிளாசுக்கு நடுவுல போயிட்டு வந்துட்டேன். படத்தப் பாத்துட்டு அங்கேயே சொல்லிட்டாங்க, கட்டி அப்படியே இருக்காம். வளரல."

தனியாகவா என்று கேட்டேன். தனியாகத்தான் என்றாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வந்திருப்ப. அங்க பெஞ்சில உக்காந்து வேர்த்துக்கிட்டு இருப்ப. உள்ள படுத்துக்கிட்டு உன்ன வேற நான் நெனச்சுக்கிட்டே இருக்கணும்."

"இந்தத் தடவை யார ஓட்டவெச்ச?"

"யாரையும் இல்ல. தூங்கிட்டேன்."

யாரோ கார்க் கதவைத் திறந்து ஏறும் சத்தம் கேட்டது. வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

மனைவி வந்து, யார் போனில் என்று கேட்டாள். அக்கா, ஸ்கேனுக்குத் தனியாகப் போய்விட்டு வந்துவிட்டாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன்.

"நல்ல விஷயம்தானே. அதுக்கு ஏன் அழறீங்க?" என்றாள்.